வெள்ளைக்காரச் சாத்திரமும் வழியில் நின்ற மச்சானும்

என் வீடு இருந்த ரெய்னர்ஸ் லேனில் நான் கடக ராசி. பிக்கடிலி லைன் ரயிலில் ஏறி ரஸல் ஸ்குவேரில் இறங்கினால் சிம்மம். நண்டாகப் புறப்பட்டுச் சிங்கமாகப் போய்ச் சேர்ந்த ஒரே பெற்றோல் செட் கஷியர் லண்டனில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எங்கள் சாத்திரிமார் ராசிகளை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறார்கள். வெள்ளைக்காரர், வசந்தகாலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறார்கள். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தனவாம். பிறகு மெல்ல மெல்ல விலகி, நான் லண்டனுக்கு வந்து சேர்ந்த காலத்தில் இடைவெளி ஏறக்குறைய ஒரு ராசி அளவுக்கு வந்திருந்தது. ஆகவே எனக்கு இரண்டு சாதகம். ஒரு சாதகத்துக்கே பயந்து நடுங்குகிற ஆளுக்கு இரண்டு கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ரஸல் ஸ்குவேர் சகவாசம் வந்ததற்குக் காரணம் ஒரு நாட்காட்டி. எண்பதுகளின் கடைசியில் நான் வேலை செய்த பெற்றோல் செட்டில், கல்லாவுக்குப் பின்னால், சிகரெட் அலுமாரிக்குப் பக்கத்தில், கொழும்பில் அச்சடித்த தமிழ் நாட்காட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். ராகுகாலம் பார்க்காமல் நான் பால் போத்தல்கூடத் திறப்பதில்லை. முதலாளியும் எங்கள் ஆள் என்றபடியால் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் செட்டுக்குக் காலையில் ஒரு பெண்மணி வருவார். என் வயதுதான் இருக்கும், நாற்பதின் நடுவில். ஒரு நூலகத்தில் பழைய லத்தீன் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிற வேலை. அவருடைய கார் பெற்றோலைவிட ஒயில் அதிகம் குடிக்கும். ஒரு தை மாதக் காலை, கடன் அட்டையை நீட்டியபடி நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது?"

"ராகுகாலம். பகலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது."

"யார் கணிக்கிறார்கள்?"

"அச்சடித்தே வருகிறது."

"எங்கிருந்து?"

"கொழும்பிலிருந்து."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஏழு மணி தாண்டியும் வெளியே தார் ஊற்றியதுபோல் இருட்டு. தெருவிளக்குக்கூட அணையவில்லை.

"பகலை எட்டாகப் பிரிப்பதென்றால், இங்கே இருப்பவர்கள் இங்குள்ள பகலைத்தானே பிரிக்க வேண்டும்?" என்றார். "கொழும்பில் சூரியன் உதிக்கிற நேரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் கணக்கு இடித்தது. இத்தனை வருடமாக நான் ராகுகாலம் தவிர்த்துச் செய்த ஒவ்வொரு காரியமும், லண்டன் சூரியனின்படி, ராகுகாலத்துக்குள்ளேயே போய் விழுந்திருக்கலாம். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது. வாகன ஓட்டுநர் பரீட்சைகள், அதாவது நான் தோற்ற அத்தனை பரீட்சைகளும். மனைவியைக் கூட்டிவர ஹீத்ரோவுக்குப் புறப்பட்டது. அன்று பின்னேரம் வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உந்த ராகு இவ்வளவு காலமும் உங்களை ஒண்டும் செய்யேல்லை எண்டால், அவருக்கு லண்டன் விலாசம் தெரியேல்லைப் போல," என்றாள். "இனிப் போய் நீங்களே குடுத்துப் போடாதேங்கோ."

ஆனால் நான் கொடுக்கத்தான் போனேன். அந்தப் பெண்மணியும் சில நண்பர்களும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ரஸல் ஸ்குவேர்ப் பக்கம் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் கூடிப் பழைய சோதிட நூல்களைப் படிப்பார்களாம். அவர்களிடமும் நாளின் ஒவ்வொரு மணியையும் ஒரு கிரகத்துக்குக் கொடுக்கிற கணக்கு உண்டாம். அதுவும் சூரிய உதயத்திலிருந்துதான் தொடங்குமாம். "வந்து உங்கள் முறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாட்காட்டியில் கட்டம் பார்ப்பது. ஆனாலும், லண்டனுக்கு வந்த நாள்முதல் ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் எதையாவது விளக்கச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. போனேன்.

மேல்மாடியில் கோப்பி வாசமும் ஈரக் கம்பளிக் கோட்டு வாசமும் வரும். பத்திரிகையில் வருகிற ராசிபலனைப் பற்றி யாராவது வாய் திறந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். அதெல்லாம் நேற்றுப் பிறந்த குழந்தையாம். அவர்கள் படித்தது, முந்நூறு வருடங்களுக்கு முன் இதே லண்டனில் கடை விரித்திருந்த ஒரு சாத்திரியார் எழுதிய தடித்த கைநூல். அப்போதுதான் அதைப் பழைய எழுத்து மாறாமல் மறுபடியும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு வரியைப் படிப்பார்கள். பிறகு, இதை இவர் எங்கிருந்து எடுத்தார் என்று துரத்துவார்கள். ஆங்கிலத்துக்குப் பின்னால் லத்தீன். லத்தீனுக்குப் பின்னால், ஸ்பெயினில் மொழிபெயர்த்த அரபு. அரபுக்குப் பின்னால் பாரசீகமும் கிரேக்கமும். இடைக்கிடை அந்த அரபுக்காரரே "இந்தியர் சொல்வது வேறு" என்று ஒரு வரி எழுதிவைத்திருப்பார். அந்த வரி வரும்போதெல்லாம் மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அதைச் சொன்னதே நான்தான் என்பதுபோல மெதுவாகத் தலையாட்டுவேன்.

ஒரேயொரு நாள் நான் உண்மையாகவே உதவினேன். ராசி வட்டத்தின் நான்கு முக்கிய வீடுகளுக்குக் கிரேக்கர் 'கென்ட்ரொன்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அந்தப் பெண்மணி வாசித்தார். "நாங்கள் அதைக் கேந்திரம் என்கிறோம்," என்றேன். எல்லாரும் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து யாரோ ஒருவர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட்ட சொல், என் மாமனார் என் சாதகக் குறிப்பைப் பார்த்து "கேந்திரத்தில பாவி நிக்குது" என்று முகம் சுளித்த வரைக்கும் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு இரண்டாவது பிஸ்கட் கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவன் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன். விரல் முழுக்க வெள்ளி மோதிரம். அவனுக்குப் புத்தகம் வாசிப்பது போதாது. அரபிலிருந்து லத்தீனுக்கு வந்த மந்திர நூல் ஒன்றின்படி, சனிக்கிழமையில், சனியின் மணியில், ஈயத் தகட்டில் சனியின் முத்திரை கீறி, சாம்பிராணி காட்டி, சனியை வரவழைப்பான். எனக்கு இது விளங்க நேரம் எடுத்தது. நாங்கள் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிப்பது, ஐயா, தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் வராதேயும் என்று சொல்ல. இவன் வெற்றிலை வைத்து அழைக்கிறான்.

"வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"பொறுமை கேட்பேன். சனியிடம் இருப்பது அதுதானே," என்றான்.

அப்போது சிரித்தேன்.

அவர்கள் வாசித்ததில் எனக்கு மனதில் தங்கியது கிரகங்களல்ல, கேள்விகள். அந்தக் காலத்து லண்டன் சாத்திரிமார் பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கும் பலன் சொன்னார்கள். ஒருவர் வந்து கேள்வி கேட்கிற அந்த நேரத்துக்கே வட்டம் கீறுவார்கள். எங்கள் பிரசன்னம்போல. அவர்கள் எழுதிவைத்த தாள்கள் இன்னும் இருக்கின்றனவாம். களவுபோன கரண்டி, ஓடிப்போன வேலைக்காரி, கலியாணம் நடக்குமா நடக்காதா. அவற்றுக்கிடையில், கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு வந்த பெண்கள்.

"கப்பல் வந்ததா?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார் பெண்மணி. "கேள்வியையும் வட்டத்தையும் எழுதிவைத்தார்கள். பிறகு நடந்ததை அநேகமாக எழுதவில்லை."

அதற்கும் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று நினைவில்லை.

தொண்ணூறுகள் தொடங்கியபோது என் மனைவியின் தம்பி, போருக்குத் தப்பி லண்டனுக்கு வரவென்று, கொழும்பிலிருந்து புறப்பட்டான். அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வீடுகளில் "தம்பி எங்கை?" என்று கேட்டால் "வழியில நிக்கிறான்" என்று பதில் வரும். வழி என்றால் எந்த நாட்டு வழி என்று யாரும் கேட்பதில்லை. காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்கே சில வேளை தெரியாது. மச்சான் மொஸ்கோவிலிருந்து ஒருமுறை பேசினான். சரியான குளிர், நாளைக்கு நாளன்றைக்கு வெளிக்கிடுவோம், வெளிக்கிட்டதும் எடுக்கிறேன் என்றான். அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. வாரங்கள் போயின. கொழும்பு ஏஜென்சியைக் கேட்டால், "பயணம் நல்லாப் போகுது" என்று ஒரே பாட்டு. எல்லைக் காட்டில் பனியில் விறைத்துப்போன பொடியன்களின் கதை ரெய்னர்ஸ் லேன் கடைகளில் மரக்கறியோடு சேர்ந்து விற்றது.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். பயந்தேன், அதுவும் ஓய்வில்லாமல். தொலைபேசி வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பேன். அப்படித் தூக்குகிற நேரத்தில் அவன் எடுத்தால் லைன் கிடைக்காதே என்று பிறகு பயப்படுவேன். மோர்டனிலிருந்து ஒரு சிநேகிதன் எடுத்து, "என்னண்ணை, சுகமோ?" என்று தொடங்கியதும், "லைனை விடும், லைனை விடும்," என்று கத்தி வைத்துவிட்டேன். அவன் ஏதோ செத்தவீடு என்று நினைத்து மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கிவிட்டான். ரஷ்யாவின் வரைபடம் ஒன்றை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் சைபீரியாவில் அவனைத் தேடுவேன். அவன் அந்தத் திசைக்கே போகவில்லை என்பது வேறு கதை.

மனைவி வேலைக்குப் போனாள். சவுத்தால் பக்கத்தில், சாப்பாட்டுப் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலை. வந்தாள், சமைத்தாள், என் சேட்டுகளை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கினாள், மேலதிக ஷிப்ட் கிடைத்தால் அதற்கும் போனாள். அவளுடைய ஒரே தம்பி. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவளுக்கென்ன நெஞ்சு கருங்கல்லோ என்றுகூட நினைத்தேன். வீட்டில் யாராவது ஒருவர் கவலைப்படத்தானே வேண்டும் என்று அவளுடைய பங்கையும் நானே சேர்த்துப் பட்டேன்.

மச்சானின் குறிப்பு ஊரில் மாமனாரின் பெட்டிக்குள். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய் வருகிற நிலைமை இல்லை. பிறந்த நேரம் தெரியாத ஆளுக்குப் பலன் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. இவ்வளவு காலமும் இந்தியர் சொல்வது என்ன என்று தலையாட்டிய நிபுணர், அந்தச் சனிக்கிழமை மேல்மாடியில் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், வாடிக்கையாளராக நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கோப்பி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வந்து உட்கார்ந்தார். பெண்மணி மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். அட்டவணைகளைப் புரட்டி வட்டம் கீறினார்.

"காணாமற்போனவர் உங்களுக்கு என்ன உறவு?"

"மனைவியின் தம்பி."

"மனைவிக்கு ஏழாம் வீடு. அங்கிருந்து சகோதரத்துக்கு மூன்று எண்ணினால் ஒன்பது," என்று பென்சிலால் எண்ணினார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கறுப்புச் சட்டைக்காரனும் எட்டிப் பார்த்துவிட்டு மோதிரத்தை உருட்டத் தொடங்கினான்.

"ஒரு மனிதர் தெளிவாகத் தெரிகிறார்," என்றார் கடைசியில். "அவருடைய கிரகம் சூரியனுக்கு மிக அருகில் போய் எரிந்துபோயிருக்கிறது. பலமே இல்லை. எல்லாவற்றுக்கும் பயந்து ஓர் இருட்டு மூலையில் ஒளிந்திருக்கிறார்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "எந்த நாட்டில்? பிடித்து மறியலில் போட்டுவிட்டார்களா? சாப்பாடு கொடுக்கிறார்களா?"

"இல்லை," என்றார் மிக மெதுவாக. "அது அவர் இல்லை. அது நீங்கள்."

அந்த மேசையில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் இந்த மாதிரியான சமயங்களில் நல்லவர்கள். எல்லாரும் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"உங்கள் மைத்துனரைப் பற்றி இதில் தெளிவாக ஒன்றுமில்லை," என்றார். "இருக்கிறதென்று நான் சொன்னால் அது பொய். பழைய ஆட்கள் ஒன்றில் கண்டிப்பாக இருந்தார்கள். கேள்வி யாருடைய மனதில் கிடக்கிறதோ அவர்தான் வந்து கேட்க வேண்டும். அடுத்தவரின் கேள்வியை எடுத்து வந்தால், வட்டம் எடுத்து வந்தவரைத்தான் காட்டும். உங்கள் மனைவி ஏன் வரவில்லை?"

எங்களுக்குள் சாத்திரம் கேட்கப் போவது ஆம்பிளையின் வேலை, முழுக் குடும்பத்தின் குறிப்பையும் பையில் சுருட்டிக்கொண்டு வீட்டுத் தலைவன் போவான், மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது விசித்திரமாகக் கேட்டது.

"அந்தக் கப்பல்காரரின் மனைவிமார் தாங்களே நடந்து வந்தார்கள்," என்றார் அவர்.

புறப்படும்போது கறுப்புச் சட்டைக்காரன் படிவரைக்கும் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஓர் ஈயத் தகட்டை எடுத்து நீட்டினான். அவன் சனியைக் கூப்பிட்டு, பொறுமை கேட்டுச் செய்த தகடு. வேறு நேரமென்றால் பத்தடி ஓடியிருப்பேன். வாங்கி, கைலேஞ்சித் துணியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எரிந்துபோன கிரகம் என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் ஓரமாகச் சிரித்தாள்.

"நீர் வந்து கேக்க வேணுமாம். வாற சனிக்கிழமை என்னோடை வாரும்."

"நான் வரமாட்டன்."

"ஏன்? உம்மட தம்பியெல்லோ."

"அதுதான் வரமாட்டன்." ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கேட்டால் ஒரு பதில் வருமெல்லே. கேளாமல் இருக்குமட்டும் அவன் வழியில நிக்கிறான். எனக்கு அவ்வளவு காணும்."

"எண்டாலும், மனசில கிடக்கிறதை..."

"மனசில கிடக்க எங்கையப்பா இடம்?" குரல் உயரவில்லை. "நான் வேலையால வந்தால் நீங்கள் போனோடை நிக்கிறியள். சமைக்கப் போனால் ஃபிரிட்ஜில ரஷ்யா. படுத்தால் பெருமூச்சு விடுறியள். இந்த வீட்டில இருக்கிற பயம் முழுக்க நீங்கள் எடுத்து வைச்சிருக்கிறியள். நானும் பயந்தால் ஆர் சோறு காய்ச்சுறது? அங்கை ஃபக்டரி லைனில நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அதுக்குத்தான் ஷிப்ட் எடுக்கிறன்."

நான் ஏதாவது பகிடி சொல்லியிருக்க வேண்டும். அதுதான் என் வழக்கம். அதை விட்டு, எழுந்துபோய் ரஷ்யாவை உரித்தேன். பசை விடவில்லை. உக்ரைன் பக்கம் ஒரு துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பயப்படாமல் இருக்கப் பழகினேன். பழகினேன் என்பது பெரிய சொல். பெற்றோல் செட்டில் போய்ப் பயந்தேன். பெரிய லொறி நின்றால் அதன் பின்னால் போய்ப் பெருமூச்சு விட்டுவிட்டு வருவேன். வீட்டில் தொலைபேசியைத் தொடவில்லை. கை சும்மா இருக்காததால் பாத்திரம் கழுவினேன். ஒருநாள் சோறும் காய்ச்சினேன். மனைவி அதைச் சாப்பிட்டுவிட்டு, "கஞ்சி நல்லாயிருக்கு," என்றாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, கேட்காமலே, தம்பி சின்ன வயதில் கஞ்சி குடிக்க அடம்பிடிப்பான் என்று சொன்னாள். அவனைப் பற்றி அவள் தானாக வாய் திறந்தது அன்றுதான். நான் ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு கஷ்டமான வேலை அது.

அந்தப் பெண்மணி பெற்றோலுக்கு வருவார். ஏதும் தெரிந்ததா என்று கண்ணால் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். ஒயிலையும் வாங்கிக்கொண்டு போவார்.

மாசி முடிகிற நேரம், ஒரு விடியற்காலை. மனைவி கோட்டும் தொப்பியும் போட்டு ஷிப்டுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள். தொலைபேசி அடித்தது. என் கால் தானாகவே பாய்ந்தது. பாதியில் பிடித்து நிறுத்தினேன்.

"நீர் எடும்," என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றவில்லை. அப்படியே எடுத்தாள்.

"ஓம்," என்றாள். தொப்பியைத் தள்ளிக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். "ஓம். ஓம். சாப்பிட்டனியோ?"

பேசியது மச்சான், ஜெர்மனியில் ஓர் அகதி முகாமிலிருந்து. அதற்கு முன் எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டில் ஏஜென்சிக்காரர், யன்னலெல்லாம் பலகை அடித்து, ஒரு கூட்டமாகப் பூட்டி வைத்திருந்தார்களாம், தொலைபேசி இல்லை, வெளியே போக விடவில்லை. காலில் இரண்டு விரல் குளிரில் கறுத்துப்போய் மருந்து கட்டுகிறார்கள். லண்டனுக்கு வரப்போவதில்லை, இனி ஒரு எல்லையும் தாண்ட ஏலாது, அங்கேயே அகதி அந்தஸ்துக் கேட்டு இருக்கப்போகிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய ஓம்கள்தான். காசு முடிந்து லைன் அறுந்தது. அவள் படிக்கட்டில், கோட்டோடு, கையுறையோடு உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் அப்படியொரு அழுகையை அவளிடம் கேட்டதில்லை. அத்தனை வாரங்களும் எங்கோ வரிசையில் நின்று வந்த அழுகை.

செய்ய ஏதாவது வேண்டுமே. தொழிற்சாலைக்குப் போன் அடித்தேன். சவுத்தாலில் இருக்கிற பஞ்சாபி அம்மா ஒருவர் அங்கே மேற்பார்வை. இன்றைக்கு மனைவி வரமாட்டாள் என்றேன்.

"என்ன, சுகமில்லையா?"

"சுகம்தான். அழுகிறாள்."

"ஐயோ, யாராவது தவறிவிட்டார்களா?"

"இல்லை. ஒருவன் உயிரோடு இருக்கிறான்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் குரல் வந்தது. "அப்படியென்றால் நன்றாக அழட்டும். நாளைக்கு வரட்டும்," என்று வைத்துவிட்டார்.

நான் போய் அவளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தேன். கீழே விழுந்திருந்த அவளுடைய தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நானும் கொஞ்சம் அழட்டோ?" என்று கேட்டேன்.

அவள் மூக்கைத் துடைத்தாள்.

"பொறுங்கோ," என்றாள். "நான் இன்னும் முடிக்கேல்லை."